ஓசோனை அளந்த பேராசிரியர் டொப்சன்

1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு விமானத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தியது. அவ்விமானம் அப்போது வானில் பறந்திருக்கவில்லை. போயிங் நிறுவனத்தின் வரைபடங்களிலும் முழு அளவு மாதிரியொன்றிலும் மட்டுமே அது இருந்தது. ஒலியினும் விரைவாக, ஏனைய பயணிகள் விமானங்கள் எட்டாத உயரத்தில் அது பறக்கும் எனச் சொல்லப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் துப்பொலெவ் விமானம் 1968 டிசெம்பர் 31ஆம் நாளிலும், பிரித்தானியாவும் பிரான்சும் கூட்டாக அமைத்த கொன்கோர்ட் விமானம் 1969 மார்ச் 2ஆம் நாளிலும் முதன்முறையாக வானேறிவிட்டன. அமெரிக்கா பின்தங்கிவிடலாமா என்று ஒரு சாரார் கேட்டனர். செலவையும் இரைச்சலையும் சுட்டி மறுசாரார் எதிர்த்தனர். இவர்களுக்கு நடுவே விஞ்ஞானிகள் சிலர் எழுப்பிய வினாவோ வேறு. இத்தகைய விமானங்கள் நூற்றுக்கணக்கில் பறக்குமாயின், அவை கக்கும் புகை சூரியனின் கழியூதாக் கதிர்களிலிருந்து எம்மைக் காக்கும் ஓசோன் படையை என்ன செய்யும்?

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. ஓசோனுக்காக நிறுத்தினார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு, அது மிகை. பணமே பெரிய காரணம். ஆயினும் வினா ஓயவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் ஹரல்ட் ஜோன்ஸ்ரன், பெருந்தொகையான மீயொலி விமானங்களின் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் ஓசோனை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்துவிடலாம் எனக் கணக்கிட்டு வெளியிட்டார். உலகெங்கும் பரபரப்பு எழுந்தது.

இக்கணக்கு சரியா பிழையா என்று பார்ப்பதற்கு மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வானில் ஓசோன் எவ்வளவு உண்டு? இயற்கையாகவே அது எவ்வளவு கூடிக் குறைகிறது? அவ்வுயரத்தில் விடப்பட்ட புகை எவ்வளவு காலம் அங்கேயே தங்கும்? இம்மூன்றுக்கும் அன்று இருந்த விடைகளில் பெரும்பகுதி, ஒக்ஸ்போர்ட் நகருக்கு வெளியே ஷொட்டோவர் குன்றில் வாழ்ந்த, 82 வயது நிரம்பிய முதியவர் ஒருவரின் உழைப்பினால் கிடைத்தவை. அவரே கோர்டன் மில்லர் போர்ன் டொப்சன். ஓசோனை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அலகின் பெயரை அறிந்தோர் பலர். மனிதரை அறிந்தோர் சிலரே.

டொப்சன் 1889 பெப்ரவரி 25ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த விண்டர்மியர் பகுதியில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், வீட்டருகே இருந்த ஏரியே அவருடைய முதல் ஆய்வுப்பொருளாயிற்று. பெரிய ஏரிகளில் காற்றும் அமுக்கமும் மாறும்போது நீர் முழுவதும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெல்லச் சாய்ந்து மீண்டும் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவைப் பதிவு செய்யத் தாமே ஒரு கருவியை ஆக்கி, முடிவை 1911இல் வெளியிட்டார். அவருடைய வாழ்வு முழுவதும் இதே அச்சில்தான் அமைந்தது. மிகச் சிறிய மாற்றம். அதை அளக்க ஒரு கருவி. கருவியைத் தம் கையாலேயே ஆக்குதல். பின்னர் நாள்தோறும் பொறுமையாகக் குறித்து வைத்தல்.

விமானத்தோடு அவருக்கிருந்த உறவும் இளமையிலேயே தொடங்கியது. 1913இல் அவர் வில்ட்சயரில் உள்ள உபேவன் இராணுவ விமானப் பயிற்சிப் பள்ளியில் வானிலை ஆய்வாளராகச் சேர்ந்தார். விமானங்கள் துணியாலும் மரத்தாலும் ஆன காலம் அது. மேலே காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசுகிறது என்பது விமானிகளுக்கு உயிர்ப்பிரச்சினை. டொப்சன் சிறு பலூன்களை விட்டு, அவை செல்லும் வழியைத் தொலைநோக்கிக் கருவிகளால் பின்தொடர்ந்து, உயரம் கூடக் காற்று எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணித்தார். முதலாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் பார்ன்பரோவிலிருந்த அரச விமானத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பகுதிக்குத் தலைவரானார். போர் முடிந்தபின் 1920இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் ஆய்வுகூடத்தில் வானிலையியல் விரிவுரையாளராக அமர்ந்தார். ஆய்வுகூடத்தின் தலைவர் லின்டமன், பின்னாளில் சேர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகராகப் புகழும் பழியும் ஒருங்கே பெற்றவர்.

ஓசோனைத் தேடி இவ்விருவரும் புறப்படவில்லை. எரிநட்சத்திரங்களையே ஆராய்ந்தனர். இரவில் ஒரு கீற்றாகத் தோன்றி மறையும் எரிநட்சத்திரம் எந்த உயரத்தில் ஒளிர்ந்து எந்த உயரத்தில் அணைகிறது என்பதைக் கொண்டு, அவ்வுயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தியானது என்று கணக்கிட முடியும். பூமியிலிருந்து சுமார் 10, 11 கிலோமீற்றருக்கு மேல், படைமண்டலம் எனப்படும் பகுதி முழுவதும் ஒரே கடுங்குளிராகவே இருக்கும் என்பது அக்கால நம்பிக்கை. கணக்கோ வேறு விதமாக வந்தது. வெகு உயரத்தில் காற்று எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக இருந்தது. அப்படியாயின் இடையில் எங்கோ வெப்பம் மீண்டும் உயர்ந்தாக வேண்டும். 1923இல் வெளியான இம்முடிவுக்கு டொப்சன் தேடிய விளக்கம் ஓசோன். அவ்வாயு சூரியனின் கழியூதாக் கதிர்களை விழுங்கிச் சூடேறுகிறது. மேல்வானத்தின் வெப்பத்துக்கு அதுவே காரணம் என அவர் கருதினார். கருதினால் போதாது, அளக்க வேண்டும் அல்லவா?

ஓசோன் வானில் இருப்பது அப்போது தெரிந்ததே. பிரான்சின் மார்செய் நகரில் பப்ரியும் புய்சோனும் 1920இல் அதை அளந்து காட்டியிருந்தனர். வானிலுள்ள ஓசோன் முழுவதையும் கீழே இறக்கி, கடல்மட்ட அமுக்கத்தில் பூச்சியப் பாகை வெப்பத்தில் தரையில் பரப்பினால் அதன் தடிப்பு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர். இவ்வளவு மெல்லிய ஒன்று நாளுக்கு நாள் மாறுவதையும் அவர்கள் கவனித்திருந்தனர். அந்த மாற்றத்துக்கும் வானிலைக்கும் தொடர்பு இருக்கலாம் என டொப்சன் ஊகித்தார். 1924இல் தம் வீட்டருகே ஒரு சிறு குடிலில் நிறமாலைக் கருவி ஒன்றை அமைத்து, சூரிய ஒளியைப் பகுத்து ஒளிப்படத் தகடுகளில் பதிந்தார். ஓசோன் அதிகமாக விழுங்கும் நிறக்கதிரையும் குறைவாக விழுங்கும் நிறக்கதிரையும் ஒப்பிட்டால் மேலே உள்ள ஓசோனின் அளவு வெளிப்படும். ஓராண்டுக்குள் இரண்டு உண்மைகள் தெளிந்தன. இங்கிலாந்தின் வானில் ஓசோன் வசந்தகாலத்தில் மிகுந்து இலையுதிர் காலத்தில் குறைகிறது. தாழமுக்கம் கடந்து செல்லும் நாள்களில் அது கூடுகிறது. உயரமுக்க நாள்களில் குறைகிறது.

ஒரே ஊரில் அளந்தால் போதாது என்று கண்டபோது, அவர் பணம் தேடிப் பெரிய நிறுவனம் ஒன்றைக் கட்டி எழுப்பவில்லை. மேலும் சில கருவிகளைச் செய்தார். 1926 அளவில் அவை அயர்லாந்தின் வலென்ஷியா, ஷெற்லாந்துத் தீவுகளின் லேர்விக், சுவீடனின் அபிஸ்கோ, ஜேர்மனியின் லின்டன்பேர்க், சுவிற்சர்லாந்தின் அரோசா ஆகிய இடங்களில் நிறுவப்பட்டன. எல்லா இடங்களிலும் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகள் அஞ்சலில் ஒக்ஸ்போர்ட்டுக்கு வந்தன. அவற்றைக் கழுவி, ஒவ்வொன்றாக அளந்து, ஐரோப்பாவின் வானிலைப் படங்களோடு ஒப்பிட்டவர் டொப்சனும் அவருடைய சில உதவியாளர்களும்தான்.

அடுத்து அவர் உலகை நோக்கினார். 1928, 29ஆம் ஆண்டுகளில் அக்கருவிகளில் நான்கு தொலைதூரங்களுக்கு அனுப்பப்பட்டன: கலிபோர்னியாவின் ரேபிள் மலை, எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச், மற்றொன்று தமிழகத்தின் கொடைக்கானல். பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனை ஆராய்ந்துவரும் ஆய்வுநிலையம் அங்கே இருந்தமையால் அவ்விடம் தெரிவாயிற்று. ஓசோன் ஆராய்ச்சியின் முதல் உலக வரைபடத்தில் தமிழ் நிலத்து மலையொன்றும் ஒரு புள்ளியாக அமைந்தது என்பதை எம்மவர் பலரும் அறியார்.

கொடைக்கானல் தகடுகள் காட்டிய செய்தி வியப்பானது. அங்கே ஓசோன் குறைவு. அதுவும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் ஒரே சீராக இருந்தது. ஓசோன் சூரிய ஒளியால் பிறப்பது. ஒட்சிசன் மூலக்கூறு கதிர்பட்டு உடைந்து, அவ்வணு இன்னொரு ஒட்சிசனோடு சேர்ந்து ஓசோனாகிறது என்பதைச் சிட்னி சப்மன் 1930இல் கோட்பாடாக விளக்கினார். அப்படியாயின் வெயில் கொளுத்தும் வெப்பவலயத்திலன்றோ அது மிகுந்திருக்க வேண்டும்? மாறாக, சூரியனே எட்டிப்பார்க்காத நீண்ட குளிர்காலம் முடிந்த வடதுருவ நாடுகளின் வசந்தத்தில் அது நிறைந்து கிடந்தது. மேல்வானத்தில் காற்று வெப்பவலயத்திலிருந்து துருவத்தை நோக்கி மெதுவாக நகர்ந்து அங்கே கீழிறங்கினாலன்றி இப்படி நேர இயலாது என டொப்சன் 1929இலேயே குறிப்பிட்டார். ஆனால் அதற்குச் சான்று ஏதும் இல்லாமையால் அவர் அதை வற்புறுத்தவில்லை. சான்று கிடைக்க இருபது ஆண்டுகளும் ஒரு பெரும்போரும் தேவைப்பட்டன.

இதற்கிடையே ஒளிப்படத் தகடுகளின் தொல்லையை ஒழிக்க எண்ணி, ஒளிமின் கலத்தால் இயங்கும் புதிய கருவி ஒன்றை உருவாக்கினார். இரண்டு நிறக்கதிர்களின் வலிமையை மாறிமாறி ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்வரை ஒரு கண்ணாடி ஆப்பை நகர்த்தினால் ஓசோனின் அளவை உடனே வாசிக்கலாம். 1930களில் இலண்டனிலுள்ள பெக் நிறுவனம் இதை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியது. அந்த நீண்ட பெட்டிதான் டொப்சன் நிறமாலைமானி. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஓசோன், ஒரு டொப்சன் அலகு. மூன்று மில்லிமீற்றர் ஓசோன் என்றால் 300 டொப்சன் அலகுகள்.

இலண்டன் றோயல் சங்கம் 1927இலேயே அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. தொழிற்சாலைப் புகை நகரங்களின் காற்றை எவ்வாறு கெடுக்கிறது என்பதை ஆராயும் அரச குழுவுக்கும் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார். லெஸ்ரர் நகரில் 1937 முதல் 1939 வரை நடத்தப்பட்ட விரிவான புகை ஆய்வு அவர் மேற்பார்வையில் நடந்தது. அது தனிக் கதை.

இரண்டாம் உலகப்போர் அவரை மீண்டும் விமானங்களிடம் அழைத்து வந்தது. உயரப் பறந்த குண்டுவீச்சு விமானங்களின் பின்னே வெண்ணிறக் கோடுகள் நீண்டன. பகைவனின் பீரங்கிக்கும் போர்விமானத்துக்கும் அவை வழிகாட்டின. எந்த உயரத்தில், எந்த நாளில் அவை உண்டாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது விமானப்படையின் கேள்வி. அக்கோடு புகையன்று. ஒரு கிலோகிராம் மண்ணெண்ணெய் எரியும்போது ஒன்றேகால் கிலோகிராம் அளவுக்கு நீராவி பிறக்கிறது. அந்த நீராவி மேல்வானத்தின் குளிரில் உறைந்து பனித்துகளாகிறது. ஆகவே மேலேயுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் எவ்வளவு என்று அறிய வேண்டும். ஆனால் வழமையான ஈரமானிகள் அக்கடுங்குளிரில் பயனற்றுப் போயின.

டொப்சன் புதியதோர் ஈரமானியை வகுத்தார். பளபளப்பான சிறு உலோகப் பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதன்மீது உறைபனி படியும். படியும் அந்த வெப்பநிலையே காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடும். இக்கருவியை எடுத்துக்கொண்டு போர்விமானங்களில் ஏறி, மூச்சுவிடவும் இயலாத உயரங்களில் பிராணவாயுக் கவசத்தோடு அமர்ந்து அளந்தவர் அலன் புறூவர் என்ற இளைஞர். படைமண்டலத்துக்குள் நுழைந்தவுடன் ஈரம் திடீரென அற்றுப்போனது. உறைபனி படிய ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகைவரை குளிர்விக்க வேண்டியிருந்தது. பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கு நீராவிதான் அக்காற்றில் இருந்தது. பூமியின் எந்தப் பாலைவனமும் இதற்கு ஈடாகாது.

இந்த வறட்சிதான் இருபது ஆண்டுகளாகக் காத்திருந்த சான்று. இங்கிலாந்தின் மேலே நேராக ஏறிய காற்று இவ்வளவு காய்ந்திருக்க முடியாது. காற்றை இந்த அளவுக்கு உலர்த்தக்கூடிய கடுங்குளிர், வெப்பவலயத்துக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் உயரத்தில் மட்டுமே உண்டு. எனவே படைமண்டலக் காற்று முழுவதும் அவ்வாயில் வழியாகவே மேலே நுழைந்து, துருவங்களை நோக்கி மெல்ல நகர்ந்து, அங்கே இறங்குகிறது. புறூவர் 1949இல் இதை எழுதினார். டொப்சன் 1956இல் ஓசோன் அளவுகளைக் கொண்டு இதை வலுப்படுத்தினார். இன்று இச்சுற்றோட்டம் இருவர் பெயராலும் வழங்குகிறது.

விமானப் புகைக்கு இதிலென்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நிறையவே உண்டு. தாழ்வானில் விடப்படும் புகையை மழை சில நாள்களில் அல்லது வாரங்களில் கழுவிவிடும். படைமண்டலத்திலோ மழை பெய்வதில்லை, மேகம்கூட அரிது. அங்கு விடப்பட்டது, அந்த மெதுவான ஓட்டத்தோடு சுற்றித் துருவம் சென்று இறங்கும்வரை ஓரிரு ஆண்டுகள் தங்கியே தீரும். மீயொலி விமானங்கள் நீராவியால் ஓசோனைக் கெடுக்குமா என்ற ஐயமே முதலில் எழுந்தது. அவ்வளவு காய்ந்த இடத்தில் சிறிதளவு நீரும் பெரிய மாற்றமாகும் என்பதே அந்த அச்சத்தின் அடிப்படை.

நீராவியைவிடக் கொடியது நைதரசன் ஒட்சைட்டு என்பதை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஒல்லாந்தரான போல் குறுட்சன். 1969 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் இருந்த இடமும் ஒக்ஸ்போர்ட்டின் அதே கிளாரண்டன் ஆய்வுகூடம்தான். 1970இல் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. விமான இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரிக் ஒட்சைட்டு ஆகின்றன. அது ஓசோனிடமிருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பறித்து நைதரசன் ஈரொட்சைட்டாகிறது. பின்னர் தனியே திரியும் இன்னோர் ஒட்சிசன் அணுவைச் சந்தித்ததும் பறித்ததைக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே மீள்கிறது. மீண்டும் அடுத்த ஓசோனை நாடிச் செல்கிறது. தான் அழியாமலே பிறிதை அழிக்கும் ஊக்கி அது. ஆகையால் புகையின் அளவு சிறிதாயிருந்தாலும் அழிவு பெரிதாகலாம். இவ்வாய்வுகளுக்காகக் குறுட்சன் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும் உயரம் மாறினால் கதையும் மாறுகிறது. எம்மை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்த சாதாரண ஜெற் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கின்றன. அங்கே அதே நைதரசன் ஒட்சைட்டு, பெருநகரங்களின் புகைமூட்டத்தில் நடப்பதுபோல், சூரிய ஒளியின் துணையோடு ஓசோனை உண்டாக்குகிறது. 1992ஆம் ஆண்டளவில் வடபாதியின் நடு அகலக்கோடுகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஓசோன் 6 சதவீதம்வரை கூடியிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 1999இல் மதிப்பிட்டது. அந்த ஓசோன் கவசமாக உதவுவதைவிட வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவாகவே தொழிற்படுகிறது. கொன்கோர்ட்டோ 15 முதல் 18 கிலோமீற்றர்வரை ஏறியது. போயிங் திட்டமிட்ட விமானம் அதற்கும் மேலே செல்ல இருந்தது. ஓசோன் செறிந்திருக்கும் 20 முதல் 25 கிலோமீற்றரை எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவுக்கு ஆக்கம் குறைந்து அழிவு ஓங்குகிறது. ஒரே புகை, ஆனால் சில கிலோமீற்றர் வேறுபாடு அதன் குணத்தையே மாற்றிவிடுகிறது.

விஞ்ஞானிகளைத் திணறடித்தது இன்னொன்று. கணக்கில் வந்த இழப்பை வானில் காண முடியுமா? டொப்சன் காட்டியபடி, ஐரோப்பாவில் ஓசோன் ஒரு வாரத்துக்குள் பத்து, இருபது சதவீதம் ஏறி இறங்கும். பருவத்துக்குப் பருவம் அதைவிடக் கூடுதலாக மாறும். சில விமானங்களால் நேரும் அரை அல்லது ஒரு சதவீத இழப்பு இந்த அலைகளுக்குள் தெரியாமலே மறைந்துவிடும். பல பத்தாண்டுகள் இடைவிடாது அளந்த ஏடு இருந்தால்தான் அதைப் பிரித்தறியலாம். அத்தகைய ஏடுகள் டொப்சனின் கருவிகள் நின்ற இடங்களில் மட்டுமே இருந்தன. அமெரிக்க அரசும் பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகளும் 1970களின் முற்பாதியில் தனித்தனியே பெரிய ஆய்வுகளை நடத்தின. கட்டப்படவிருந்த சிறு தொகை விமானங்களின் பாதிப்பு கண்டறிய முடியாத அளவு சிறியது, நூற்றுக்கணக்கில் பறந்தால் கவலைக்குரியது என்பதே அமெரிக்க ஆய்வின் சாரம். கொன்கோர்ட்டைக் கட்டிய நாடுகளுக்கு முதற்பகுதி இனித்தது. எதிர்த்தோருக்கு இரண்டாம் பகுதி. இரு சாராரும் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இந்தச் சச்சரவு நடந்த ஆண்டுகளில் டொப்சன் ஓய்வு பெற்றிருந்தார். ஆனால் அளப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. 1957, 58 சர்வதேசப் பூபௌதிக ஆண்டை ஒட்டி உலகெங்கும் புதிய நிலையங்கள் தோன்றியபோது, கருவிகள் பலவற்றைத் தம் வீட்டிலேயே சோதித்துச் சீர்செய்து அனுப்பினார். அந்தாட்டிக்காவின் ஹலி குடாவுக்குச் சென்ற கருவி அவற்றுள் முக்கியமானது. 1956 செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் அங்கிருந்து வந்த எண்கள், வடதுருவத்தின் ஸ்பிற்ஸ்பேர்கனைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 150 அலகுகள் குறைவாக இருந்தன. கருவியிலோ அளந்தவரிலோ தவறு என்றே முதலில் கருதினர். நவம்பரில் எண்கள் திடீரென உயர்ந்தன. அடுத்த ஆண்டும் அவ்வாறே நடந்தது. தென்துருவத்தைச் சுற்றிக் குளிர்காலம் முழுவதும் சுழலும் வலிய காற்றுவளையம் ஓசோன் நிறைந்த காற்றை உள்ளே விடாது தடுக்கிறது என்பது அப்போது புலனாயிற்று. பிற்காலத்து ஓசோன் துவாரம் அன்றே இருந்தது என்று இதைத் திரித்துச் சொல்வோர் உளர்; அது தவறு. அன்று ஹலி குடாவில் இருந்தது சுமார் 300 அலகு. அதுவே அந்த இடத்தின் இயல்பு.

1976 ஜனவரி 21ஆம் நாள் இலண்டனிலிருந்து பஹ்ரெயினுக்கும் பரிசிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்கும் கொன்கோர்ட் விமானங்கள் முதன்முறையாகப் பயணிகளோடு புறப்பட்டன. ஒன்பது நாள்கள் கழித்து, ஜனவரி 30ஆம் நாள், ஷொட்டோவர் குன்றில் டொப்சன் தம் கருவியைத் திறந்து அன்றைய ஓசோன் அளவைக் குறித்தார். மறுநாள் பாரிசவாத நோய் அவரைத் தாக்கியது. மார்ச் 11ஆம் நாள், 87ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், அதே ஹலி குடாவில், அவருடைய வகைக் கருவியால் அளந்த ஜோசப் பாமனும் இரு தோழர்களும், ஒக்ரோபர் மாத ஓசோன் 300 அலகிலிருந்து 200க்கும் கீழே வீழ்ந்துவிட்டதை 1985இல் உலகுக்கு அறிவித்தனர். வானில் சுற்றிய செய்மதியும் அக்குறைந்த எண்களைக் கண்டிருந்தது. ஆனால் அவை ஐயத்துக்குரியவை என ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. குற்றவாளி விமானமன்று, குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோ காபன்கள். மொலினாவும் றோலண்டும் 1974இல் அவற்றைப் பற்றி எச்சரித்தபோது, விமானப் பிரச்சினைக்காக வளர்ந்திருந்த ஊக்கி வினைகளின் அறிவு ஆயத்தமாக இருந்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

விமானத்தைப் பற்றிய கணக்கோ பல தடவை புரண்டது. 1970களின் இறுதியில் ஆய்வுகூடங்கள் ஒரு வினையின் வேகத்தை மறுபடி அளந்தபோது, ஓசோன் இழப்பு மிகவும் சுருங்கி, ஒரு கட்டத்தில் மறைந்தே போனது போலிருந்தது. பின்னர் வேறு வினைகள் திருத்தப்பட, இழப்பு மீண்டும் தோன்றியது. படைமண்டலத்தில் மிதக்கும் கந்தக அமிலத் துகள்கள் நைதரசன் ஒட்சைட்டின் ஒரு பகுதியை நைத்திரிக் அமிலமாக்கிச் செயலிழக்கச் செய்கின்றன என்பது அடுத்து வந்த அறிவு. 1994 ஒக்ரோபரில் நியூசிலாந்துக்கு அருகே, அமெரிக்க ஆய்வு விமானமொன்று கொன்கோர்ட்டின் புகைக்குள்ளேயே புகுந்து அளந்தது. நைதரசன் ஒட்சைட்டு எதிர்பார்த்த அளவில் இருந்தது. நுண்துகள்களோ எதிர்பார்த்ததைவிட மிகவும் அதிகம். அத்துகள்களின் மேற்பரப்பில் குளோரீன் வினைகள் விரைவுபெறலாம் என்ற புதிய கவலை எழுந்தது.

பயணிகளை ஏற்றி இறக்கிய கொன்கோர்ட்டுகள் 14 மட்டுமே. 2000 ஜூலை 25ஆம் நாள் பரிஸ் அருகே நேர்ந்த கோர விபத்து எம் வாசகர் பலருக்கும் நினைவிருக்கும். 2003இல் அச்சேவை முடிவுக்கு வந்தது. நூற்றுக்கணக்கில் பறந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வானம் விடைசொல்லும் நிலை இதுவரை வரவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமொன்றின் சோதனை விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியதோடு, மீயொலிப் பயணம் பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. எத்தனை விமானம், எந்த உயரம், எத்தகைய இயந்திரம் என்ற மூன்றையும் முன்கூட்டிக் கேட்டாக வேண்டியுள்ளது.

டொப்சன் முதன்முதலாகக் கருவி அனுப்பிய இடங்களுள், சுவிற்சர்லாந்தின் அரோசாவில் மட்டுமே 1926 முதல் அளவீடு தொடர்ந்து நடந்து வந்தது. உலகின் மிக நீண்ட ஓசோன் ஏடு அதுவே. அண்மைய ஆண்டுகளில் கருவிகள் பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள டாவோசுக்கு மாற்றப்பட்டன. மாற்றத்தால் எண்களில் வழு நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு ஊர்களிலும் சில ஆண்டுகள் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட்ட பின்னரே பழைய இடத்தை விட்டனர்.